விதையோடு வரும் நோய்

திருத்தணி என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது மலையும், அதன் 365 படிகளும், ஆடிக் கிருத்திகையன்று அப்படிகளை மறைத்துக்கொண்டு ஏறும் பூக்காவடிகளுமே. ஆனால் மலையை விட்டு ஆந்திர எல்லையை நோக்கிச் சில கல் தொலைவு சென்றால், நெல்லும் நிலக்கடலையும் கேழ்வரகும் கம்பும் விளையும் சிற்றூர்களைக் காணலாம். அவற்றுள் ஒன்றிலிருந்துதான் நான் நாள்தோறும் கல்லூரிக்கு வருகின்றேன். நான் பயில்வது தமிழ் இலக்கியம். விதையைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று அறிவியல் பயிலும் நண்பர்கள் கேட்கக்கூடும். ஈராண்டுகளுக்கு முன் எங்கள் நாற்றங்காலில் நேர்ந்த ஓர் ஏமாற்றம்தான் என் தகுதி.

அது நவரைப் பட்டம். மார்கழியில் விட்ட நாற்று இருபது நாளில் பச்சைப் பாய் விரித்தாற்போல் நின்றது. அதனிடையே ஆங்காங்கே சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றைவிட நான்கு விரல் உயர்ந்து, மெலிந்து, வெளிறிய மஞ்சள் நிறத்தில் தலை நீட்டின. "நாத்து நல்லாத் துள்ளுதே!" என்று வரப்பில் போன ஒருவர் சொல்ல, அப்பாவும் மகிழ்ந்துபோனார். நடவு முடிந்த மூன்றாம் வாரம், அந்த உயர்ந்த பயிர்களே ஒவ்வொன்றாகக் காயத் தொடங்கின. பிடுங்கிப் பார்த்தால் தாளின் அடிக்கணுக்களில், நீர்மட்டத்திற்கு மேலேயே வேர் விட்டிருந்தது. தப்பி நின்ற சில கதிர் தள்ளின; கதிரில் மணியில்லை. உழவுக்கும் நடவுக்கும் கொடுத்த பணம் அம்மாவின் கம்மலை அடகு வைத்து வாங்கியது. அறுவடையில் மூட்டை குறைந்தது. கம்மல் அவ்வாண்டு வீடு திரும்பவில்லை.

அந்த நோயின் பெயரைப் பின்னர் நூலகத்தில்தான் கண்டுபிடித்தேன். ஜப்பானிய உழவர்கள் அதனை 'பகானே' என்பர். 'அறிவற்ற நாற்று' என்பது அச்சொல்லின் பொருள். தான் சாகப்போவதை அறியாமல் ஓங்கி வளரும் நாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. ஃபுசேரியம் என்னும் பூஞ்சணத்தின் வேலை அது. 1926ஆம் ஆண்டில் குரோசாவா என்ற அறிஞர், அன்று ஜப்பானின் ஆட்சியிலிருந்த தைவானில் இப்பூஞ்சணத்தை ஒரு நீர்மத்தில் வளர்த்தார். பூஞ்சணத்தை வடிகட்டி நீக்கிய பின்பும் அந்நீர்மம் பட்ட நாற்று நெட்டையாக வளர்ந்தது. எனவே வளர்ச்சியைத் தூண்டுவது பூஞ்சணம் வெளியிடும் ஏதோ ஒரு பொருள் என்பது தெளிவாயிற்று. 1935இல் யாபுதா என்பவர் அதற்கு ஜிப்பரெல்லின் என்று பெயரிட்டார். இன்று திராட்சைக் கொத்து பருக்கத் தெளிக்கிறார்களே, அதே ஜிப்பரெல்லின்தான். எங்கள் வயலில் நாங்கள் செழிப்பென்று எண்ணி மகிழ்ந்தது ஒரு நோயின் எச்சிலைக் கண்டு!

சரி, அந்த நோய் எங்கள் வயலுக்கு எப்படி வந்தது? விதையோடு வந்தது. முந்தைய போகத்தில் யாரோ ஒருவர் வயலில் நெல் பூக்கும் வேளையில் காற்றில் வந்த பூஞ்சண வித்துகள் மணியில் தங்கிவிட்டன. அந்த மணி மூட்டையாகி, விதையாகி, எங்கள் நாற்றங்காலில் முளைத்தது. எங்கள் பக்கத்தில் விதை கடையில் வாங்குவதைவிடக் கைமாறாக வாங்குவதே மிகுதி. பெண் கொடுத்த வீட்டிலிருந்து வரும். பெண் எடுத்த வீட்டுக்குப் போகும். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தபோது எல்லைக்கல் நடப்பட்டது. ஆயினும் உறவும் விதையும் அக்கல்லை இன்றளவும் தாண்டிக்கொண்டேதான் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நோய்களும் உடன் தாண்டுகின்றன.

"ஏன் நைனா, வெதநெல்ல உப்புத் தண்ணில போட்டீங்களா?" என்று அவ்வா கேட்டது எல்லாம் முடிந்த பிறகுதான். அப்பாவைப் பெற்றவள், எங்கள் வீட்டில் பாட்டி என்ற சொல் வழங்குவதில்லை. நாங்கள் போடவில்லை. முப்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் யாரும் போட்டதாகத் தெரியவில்லை. கடை மருந்து வந்த பின் உப்புப் பானை மறைந்தது. பிறகு இயற்கை முறை என்று கடை மருந்தையும் விட்டோம். இரண்டும் இல்லாமல் வெறும் விதையை நீரில் ஊறவைத்து விதைத்ததுதான் எங்கள் பிழை. இயற்கை வேளாண்மை என்பது ஒன்றும் செய்யாமலிருப்பது என்று எண்ணிக்கொள்வோர் பலர். நாங்களும் அவர்களுள் ஒருவராக இருந்தோம்.

அவ்வா சொன்ன முறை இது. ஒரு பெரிய பாத்திரத்தில் நீரெடுத்து அதில் கோழிமுட்டை ஒன்றை இட வேண்டும். முட்டை அடியில் கிடக்கும். கல்லுப்பைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க, முட்டை மெல்ல எழும்பும். மேலே வந்து, நாலணாக் காசளவு ஓடு நீருக்கு வெளியே தெரியும்போது உப்பை நிறுத்திவிட வேண்டும். (அந்த 25 காசு நாணயம் 2011லேயே செல்லாமற்போய்விட்டது. ஆனால் விதைக்காரர் வாயில் அதன் அளவு மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது.) முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டிக் கலக்கினால் நிறைமணிகள் அடியில் தங்கும்; பதரும் அரைமணியும் நோய் தின்ற மணியும் மிதக்கும். மிதப்பதை வழித்தெடுத்து, தங்கிய விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அலசாவிட்டால் உப்பு முளையைக் கெடுத்துவிடும்.

கேட்க எளிதாக இருந்தது. முதன்முறை செய்தபோது நான் கடையில் வாங்கிய முட்டையை இட்டேன். ஒரு பிடி உப்புக்கே அது எழுந்து மிதந்தது. உப்பு மிச்சம் என்று மகிழ்ந்து நெல்லைக் கொட்டினேன். சில பதர்கள் தவிர எதுவுமே மிதக்கவில்லை. எங்கள் விதை இவ்வளவு தரமானதா என்று வியந்து நின்றபோது, அவ்வா முட்டையை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பழைய முட்டை! முட்டை நாள்படும்போது அதனுள்ளிருக்கும் நீர் ஓட்டின் நுண்துளைகள் வழியே ஆவியாகி, அவ்விடத்தைக் காற்று நிரப்புகிறது. எனவே எடை குறைந்து, உப்பு போதாத நீரிலேயே மிதந்துவிடுகிறது. அன்று காலையில் இட்ட முட்டையைக் கொண்டு செய்தபோது பத்து லிட்டர் நீருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் உப்பு பிடித்தது. நெல்லில் கையளவு மணிகள் நுரைபோல் மேலே வந்தன. முட்டை என்பது இங்கே அடர்த்தியை அளக்கும் கருவி. கருவி பழுதானால் அளவும் பழுதாகும். ஜப்பானில் 1882இல் யொக்கொய் என்ற வேளாண் அறிஞர் இதே உப்புநீர்த் தேர்வை முறைப்படுத்தினார். சாதாரண நெல்லுக்கு அங்கே 1.13 அடர்த்தி வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

உப்புநீரின் கதை ஐரோப்பாவிலும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கருகே கோதுமை ஏற்றிய கப்பலொன்று மூழ்கியதாம். கடல்நீரில் ஊறிய கோதுமை மாவுக்கு உதவாது என்று அதை எடுத்து விதைத்தார்களாம். அவ்வாண்டு ஊரெல்லாம் கரிப்பூட்டை நோய் தாக்க, அந்த வயல்கள் மட்டும் தப்பினவாம். ஜெத்ரோ டல் என்பவர் 1733இல் வெளியிட்ட தம் வேளாண் நூலில் இதனைக் கூறுகிறார். கதை உண்மையோ அல்லவோ, உப்புநீர் அங்கே வழக்கமாயிற்று. 1755இல் பிரான்சு நாட்டுத் தில்லே என்பவர்தான் இதைச் சோதித்துப் பார்த்தார். நல்ல விதையில் கரிப்பொடியைத் தூவி விதைத்தால் நோய் வருகிறது. அந்த விதையையே உப்பிலும் சுண்ணாம்பிலும் நேர்த்தி செய்து விதைத்தால் நோய் குறைகிறது என்று பாத்தி பாத்தியாகப் பிரித்துக் காட்டினார். அந்தப் பொடி உயிருள்ளது என்பதை 1807இல் பிரெவோ கண்டார். நுண்ணுயிரே நோய்க்குக் காரணம் என்று பாஸ்டர் உலகுக்குச் சொல்வதற்கு அரை நூற்றாண்டு முன்பே, ஒரு பயிரின் விதை அதைச் சொல்லிவிட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எந்த நேர்த்தி பலிக்கும் என்பது, நோய் விதையின் எந்த இடத்தில் தங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சோளத்தின் கதிர்க் கரிப்பூட்டை விதையின் மேல் தூசாக ஒட்டியிருக்கிறது. ஆகவே ஒரு கிலோ விதைக்கு நான்கு கிராம் கந்தகத்தூளைப் போட்டுக் குலுக்கினாலே அது அடங்கிவிடும். மேலே இருப்பதை மேலேயே கொல்லலாம். கம்பின் தேன் ஒழுகல் நோய் வேறு வகை. அது விதைக்குள் இருப்பதில்லை, விதையோடு கலந்து வருகிறது. எங்களூர்க்காரர்கள் அவசியம் அறிய வேண்டிய நோய் என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

கம்பு பூக்கும் நாளில் மழைத்தூறலும் மேகமூட்டமும் நீடித்தால் கதிரிலிருந்து இளஞ்சிவப்பாய்த் தேன்போன்ற துளிகள் கசியும். எறும்பும் ஈயும் மொய்க்கும். சில நாளில் அவ்விடத்தில் மணிக்குப் பதிலாகக் கறுத்துக் கடினமான ஒரு பொருள் வளர்ந்திருக்கும். அதுதான் எர்காட். அதில் நச்சுப்பொருள்கள் உண்டு. அது கலந்த கம்பை உண்டவர்களுக்குக் குமட்டலும் வாந்தியும் மயக்கமும் வரும். 1975இல் ராஜஸ்தானில் இவ்வாறு பலர் பாதிக்கப்பட்டதை ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆடி மாதம் அம்மன் கோயில் வாசலில் அண்டா அண்டாவாகக் கூழ் வார்க்கும் ஊர்கள் நம்முடையவை. ஒரு வீட்டின் கம்பு ஊரார் வயிற்றுக்குப் போகும் மாதம் அது. இதற்கும் மருந்து உப்புத்தான். பத்து லிட்டர் நீருக்கு ஒரு கிலோ உப்பு கரைத்து விதையைக் கொட்டினால் எர்காட் மிதந்துவிடும். எடுத்து எரித்துவிட வேண்டும், கோழிக்கும் போடக்கூடாது. ஆனால் பக்கத்து வயலிலிருந்து காற்றிலும் பூச்சியிலும் வரும் நோயை இந்த உப்பு தடுக்காது. ஊரில் ஒருவர் மட்டும் செய்தால் பயன் பாதிதான்.

மூன்றாவது வகையே கடினமானது. நோய் மணியின் உள்ளே, கருவிலேயே உறங்குவது. கோதுமையின் திறந்த கரிப்பூட்டை அத்தகையது. அதற்கு உப்பும் கந்தகமும் சாம்பலும் எதுவும் எட்டாது. வெப்பம் எட்டும். டென்மார்க்கைச் சேர்ந்த யென்சன் 1880களில் வெந்நீர் முறையைக் கண்டார். விதை தாங்கும், பூஞ்சணம் தாங்காது என்னும் ஒரு குறுகிய வெப்ப இடைவெளியில் விதையை வைத்தெடுப்பதே அதன் சூட்சுமம். வெப்பமானி இல்லாத உழவன் என்ன செய்வான்? 1930களில் லாயல்பூர் வேளாண் கல்லூரியில் லூத்ரா என்பவர் இதற்கு விடை கண்டார். மே, ஜூன் மாதக் காலையில் விதையை நான்கு மணி நேரம் சாதாரண நீரில் ஊறவைப்பது. உச்சிவேளையில் மெல்லிய படலமாக வெயிலில் பரப்பிவிடுவது. நீர் பட்டதும் உறங்கிய பூஞ்சணம் விழிக்கிறது. விழித்ததை வெயில் சுடுகிறது. காசு செலவில்லாத இம்முறையைப் படித்தபோது, எங்கள் முற்றத்தில் சித்திரை வெயில் சும்மா காய்கிறதே என்று தோன்றியது. இப்போது ஜப்பானில் நெல்லையே 60 பாகை வெந்நீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி உடனே குளிர்நீரில் இடுகிறார்கள். பகானேக்கு எதிரானதே அதுவும். நன்கு உலர்ந்த விதையாக இருக்க வேண்டும். சூடு சற்று மிகுந்தாலும் விதை சோறாகிவிடும். எனக்கு இன்னும் அத்துணிவு வரவில்லை.

எல்லைக்கு அப்பால் நகரிப் பக்கம் என் தாய்மாமா இருக்கிறார். அவர் வீட்டில் விதைக்கு வேறொரு குளியல். ஆந்திர அரசு 2016இல் தொடங்கிய இயற்கை வேளாண் திட்டத்தின் வழியே பரவியது, பீஜாம்ருதம் என்பார்கள். இருபது லிட்டர் நீரில் ஐந்து கிலோ பசுஞ்சாணம், ஐந்து லிட்டர் கோமியம், ஐம்பது கிராம் சுண்ணாம்பு, வரப்பு மண் ஒரு பிடி. ஓரிரவு வைத்திருந்து விதையில் தெளித்துப் பிசறி நிழலில் உலர்த்துவது. மராட்டியத்தைச் சேர்ந்த சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறை இது. மாமா இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். "ஒரு மொளகூட வீணாவாது மாப்ள" என்பார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அக்கரைசலில் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் இருப்பதைக் கர்நாடக வேளாண் அறிஞர்கள் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டுச் சாணத்தில் உள்ளது மற்றொரு வீட்டுச் சாணத்தில் அதே அளவில் இருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. அதனால்தான் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சூடோமோனாஸ் என்னும் ஒரு பாக்டீரியாவை மட்டும் தனியே வளர்த்துத் தூளாக்கிப் பரிந்துரைக்கிறது. ஒரு கிலோ நெல்லுக்குப் பத்துக் கிராம். ஒரு லிட்டர் நீரில் கரைத்து இரவு முழுவதும் ஊறவைப்பது. முளைக்கும் வேரைச் சுற்றி அது முதலில் குடியேறிவிடுகிறது; பின்னால் வரும் பூஞ்சணத்துக்கு இடமில்லாமற் போகிறது. பேருந்தில் முன்கூட்டியே துண்டு போட்டு இடம் பிடிக்கும் நம் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உயிருள்ள பொருளாதலால் காலாவதித் தேதி பார்த்து வாங்க வேண்டும், வெயிலில் காய்ச்சக்கூடாது.

கேழ்வரகு விதையில் சாம்பல் கலந்து வைப்பது எங்களிடம் உண்டு. அது ஈரத்தையும் வண்டையும் தடுக்கும். குலைநோயைத் தடுக்கும் என்று நம்புவது வீண். பழையது என்பதற்காக எல்லாவற்றுக்கும் எல்லாப் பெருமையும் ஏற்றிச் சொன்னால், உண்மையிலேயே பயன் தருவதையும் மக்கள் நம்பாமற் போவார்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஒரு பொட்டலம் மருந்து போதாதா என்று கேட்ட நண்பர் ஒருவருக்கு நான் ஈராக்கைச் சொன்னேன். 1971ஆம் ஆண்டு அந்நாட்டு உழவர்களுக்குப் பாதரச மருந்து பூசிய விதைக் கோதுமை வந்தது. உண்ணக்கூடாது என்பதற்காகச் சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். சாக்கின்மேலிருந்த எச்சரிக்கையோ அவர்கள் அறியாத மொழியில். பஞ்ச காலம், விதைப்பருவமும் கடந்துவிட்டது. சாயத்தைக் கழுவினார்கள், நீர் தெளிந்தது, ரொட்டி சுட்டார்கள். சாயம் போயிற்று, பாதரசம் போகவில்லை. 6,500 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அரசு கணக்கின்படியே 459 பேர் இறந்தனர். பாதரசக் கலவைகள் நம் நாட்டிலும் ஒரு காலத்தில் விதைக்குப் பூசப்பட்டவையே. இன்று அவற்றுக்குத் தடை உண்டு. இன்றைய மருந்துகள் அத்தனை கொடியவை அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் விதைத்தது போக மிஞ்சிய நெல்லை உலையில் போடும் வீடு எங்களுடையது. உப்பில் அலசிய நெல்லென்றால் அவ்வாறு போடலாம்.

இந்த ஆண்டு நவரைக்கு அப்பாவிடம் மன்றாடி நாற்றங்காலில் மூன்று பாத்தி கேட்டு வாங்கினேன். விதை ஒன்றே. முதல் பாத்திக்கு வெறும் நீர், இரண்டாவதற்கு உப்புநீர், மூன்றாவதற்கு உப்புநீரில் தேறிய பின் சூடோமோனாஸில் ஓரிரவு. தில்லே செய்ததைப் போலத்தான் என்று எனக்குள் ஒரு பெருமை. இருபதாம் நாள் நெட்டை நாற்றுகளைப் பிடுங்கி எண்ணினேன். முதல் பாத்தியில் எண்ணி மாளவில்லை, ஒரு கைப்பிடி. இரண்டாவதில் ஏழு. மூன்றாவதில் நான்கு. வரப்பில் எறியாமல் கொண்டுபோய் எரித்தேன். ஏழுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாடு பாக்டீரியாவின் வெற்றிதானா என்று புள்ளியியல் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். ஒரே ஒரு பாத்தியை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது, குறைந்தது நான்கைந்து முறை மாற்றி மாற்றிப் போட்டுப் பார் என்றார்.

அதை அப்பாவிடம் சொன்னேன். வரும் சொர்ணவாரிக்கு எல்லா விதையையும் உப்பிலேயே போட்டுவிடு, வெறும் பாத்தி வேண்டாம் என்றார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெறும் பாத்தி வேண்டுமே என்றேன். "உன் ஒப்பீட்டுக்கு என் நாத்தா கெடச்சுது?" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் நாற்றங்காலின் ஓரத்தில், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், இரண்டு முழ அகலத்தை எனக்காகக் கயிறு கட்டி ஒதுக்கி வைத்திருந்தார்.